தாயார் பெயர் என்ற கட்டம்

ஜனவரி 6

அன்புள்ள பாட்டிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? சட்டைக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தால் நீ எழுந்திருக்க மாட்டாய். தையல்கடை மாஸ்டர் கொடுக்கிற காஜா வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். பல் செட் செய்யும் கூடத்தில் என்னை மேல்வரிசைப் பற்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். சிரித்தால் வெளியே தெரிகிற பற்கள் என்பதால் கை சுத்தமானவர்களிடம்தான் கொடுப்பார்களாம்.

லிப்ட் மெக்கானிக் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தேன், நீ நெட்டையன் என்று பெயர் வைத்தாய். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டு என்று தேதி வாங்கிவிட்டோம். வெளிநாட்டுக்காரி இங்கே கல்யாணம் செய்வதென்றால் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தாள் நிறையக் கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இதுவரை மணமாகவில்லை என்று நம் ஊர் அலுவலகம் தரும் சான்றிதழ் வேண்டும். அது ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. எல்லாவற்றையும் இங்கே மொழிபெயர்த்து முத்திரை வாங்கி ஜூலை பத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு எங்கள் பெயரை முப்பது நாள் அலுவலகக் கதவில் ஒட்டி வைப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம்.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான் அம்மா இல்லையே, அன்று உன் பக்கத்தில் நான் நிற்கிறேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறப்புச் சான்றிதழ் உன் தகரப் பெட்டியில்தானே இருக்கும்? எடுத்து அனுப்பு.

உன் வாயாடி

ஜனவரி 23

என் வாயாடிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன். முழங்கால் இல்லை. போனில் பேசலாமே என்று மாஸ்டர் சொன்னார். போனில் பேசினால் நீ பாதியில் "சரி பாட்டி, வெச்சிடறேன்" என்பாய். கடிதத்தைக் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

நெட்டையனைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. லிப்ட் ரிப்பேர் செய்கிறவன் மேலேயும் கீழேயும் போய்த்தான் வருவான், ஓடிவிட மாட்டான். அவன் அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. உன் பக்கத்தில் நிற்பாளாம். உனக்கு மஞ்சள் காமாலை வந்து பத்தொன்பது நாள் படுத்திருந்தபோது பக்கத்தில் நின்றாளா? நீ பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு வந்து என் பின்னால் ஒளிந்தாயே, அன்றைக்கு அந்த வீட்டுக்காரி என்னைச் சொன்ன வார்த்தைகளை அப்படியே இப்போதும் சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டு நின்றது யார்? கையைப் பிடித்தாளாம், உனக்கு அழுகை வந்ததாம். இருபத்தேழு வருடத்தில் நான் எத்தனை தடவை உன் கையைப் பிடித்திருக்கிறேன், ஒரு தடவை அழுதிருக்கிறாயா?

கதவில் ஒட்டுவார்கள், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இருக்கிறது. அந்தக் கதவு எந்தத் தெருவில் என்று எழுது.

பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் உன் பள்ளிக்கூடச் சான்றிதழின் நகலை வைத்திருக்கிறேன். பிறந்த தேதி அதில் இருக்கிறது. தாயார் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரும் அழகாக இருக்கிறது. இது போதும் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு.

பாட்டி

பிப்ரவரி 12

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறாயா? எனக்குக் கழுத்து வலி, வேறொன்றுமில்லை. நெட்டையன் என்ற பெயருக்கு அர்த்தம் சொன்னேன். தன் கருவிப் பெட்டியில் அதையே எழுதி ஒட்டிக்கொண்டான்.

பள்ளிக்கூடச் சான்றிதழ் செல்லாதாம். அதோடு நான் ஒரு தப்பும் செய்துவிட்டேன். விண்ணப்பத்தில் தாயார் பெயரும் அவர் பிறந்த வருடமும் கேட்டிருந்தார்கள். என் பாஸ்போர்ட்டில் தாயார் என்று இருப்பது உன் பெயர்தானே, அதையே எழுதி, உன் வருடத்தையும் எழுதினேன். மேஜையில் இருந்த அம்மாள் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "உங்களைப் பெறும்போது உங்கள் தாயாருக்கு ஐம்பத்தொரு வயதா?" என்று கேட்டு, பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு வரவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் தாளைத் தொட மாட்டேன் என்கிறார்.

பாட்டி, அதில் யார் பெயர் இருக்கும்? அம்மா பெயரா? சின்ன வயதில் கேட்டால் நீ பேச்சை மாற்றுவாய், நானும் விட்டுவிடுவேன். இப்போது விட முடியவில்லை.

உன் வாயாடி

மார்ச் 9

என் வாயாடிக்கு,

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. குனிந்துகொண்டே வேலை செய்யாதே. நான் குனிந்து குனிந்துதான் இப்படி ஆனேன்.

மணமாகாத சான்றிதழ் இதனுடன் இருக்கிறது. நாலாம் தேதி போட்டிருக்கிறார்கள், செப்டம்பர் வரை செல்லும். மூன்று நாள் அலைந்து வாங்கினேன். கிளார்க் வீட்டுக்கே விசாரிக்க வந்தார். "இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலைன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். அவள் தலையில் எத்தனை பேன் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார்.

பிறப்புச் சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டது.

தாயார் பெயர் எப்படி என் பெயர் ஆனது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போன அன்று தலைமையாசிரியை குனிந்த தலை நிமிராமல் "அம்மா பேர்?" என்றார். நான் என் பெயரைச் சொன்னேன். அவர் எழுதினார். அவ்வளவுதான். அது பொய்யா? அன்று காலை உனக்குத் தலை வாரிவிட்டது யார்? முதல் நாள் இரவு உன் பாவாடைக்கு இடுப்பு பிடித்தது யார்? உனக்கு மூன்று வயதில் உன் அப்பன் காய்ச்சலில் போனான். நாலு வயதில் அவள் இன்னொருவனைக் கட்டிக்கொண்டு போனாள். கட்டம் காலியாக இருந்தது, நான் உட்கார்ந்தேன்.

அங்கே இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பார். அவர்களுக்கும் பாட்டிகள் இருப்பார்கள்.

பாட்டி

ஏப்ரல் 3

அன்புள்ள பாட்டிக்கு,

சான்றிதழ் வந்தது. அதற்காக நீ அலைந்ததை நினைத்து மனசு கஷ்டமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கரையான் அரித்தாலும் நகராட்சிப் பதிவேடு இருக்கிறதல்லவா? கம்ப்யூட்டரில் விண்ணப்பித்தேன். பத்து நாளில் பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. அதில் அம்மா பெயர் இருக்கிறது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தேன். வாய்விட்டு இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் பாஸ்போர்ட்டில் ஒரு தாய், பிறப்புச் சான்றிதழில் வேறொரு தாய். பாஸ்போர்ட்டைத் திருத்த ஒரு வருடம் ஆகும். அதிகாரி இன்னொரு வழி சொன்னார். நீயும் அம்மாவும் சேர்ந்து ஒரு நோட்டரி வக்கீல் முன்னால் ஒரே பத்திரத்தில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். யார் பெற்றது, யார் பாட்டி என்று. இருவரும் நேரில் இருக்க வேண்டுமாம். ஜூலை பத்துக்குள் அது இல்லாவிட்டால் தேதி போய்விடும். மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மா எங்கே இருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா?

உன் வாயாடி

ஏப்ரல் 22

என் வாயாடிக்கு,

சுகம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேறு விசேஷமில்லை.

அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருபத்து மூன்று வருடமாக நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில் பச்சை கேட்டு போட்டுக்கொண்டு இருந்தால் எனக்கென்ன? மாடியில் ஓர் அறையைப் பாதி கட்டி, பணம் போதாமல் நிறுத்தி வைத்தால் எனக்கென்ன? இரண்டு பையன்கள். மூத்தவன் உன் மூக்கோடு பிறந்திருக்கிறான், வெட்கங்கெட்டவன். போன வருடத்திலிருந்து அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது, சாயம் பூசுவதில்லை. இதெல்லாம் எனக்குத் தேவையில்லாத விஷயம்.

ஒரே பத்திரத்தில் அவளும் நானுமா? அவள் பெயர் மேலே, என் பெயர் கீழேயா? உன்னை வயிற்றில் சுமந்தது ஒன்பது மாதம். நான் சுமந்தது எத்தனை மாதம் என்று நீயே கணக்குப் போடு, பல் எண்ணுகிற கை உனக்கு. பத்து வயது வரை மாடிப்படி ஏறும்போதெல்லாம் "தூக்கு பாட்டி" என்பாய். இப்போது வக்கீல் முன்னால் நின்று, இவளை நான் பெறவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா? என் வாயால்?

அந்த அதிகாரி அம்மாளைக் கேள், எழுதியதை அழித்தால் எழுதினவளுக்கு வலிக்குமா வலிக்காதா என்று.

பாட்டி

மே 16

பாட்டிக்கு,

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது.

பச்சை கேட்டு என்று எழுதியிருந்தாய். மாஸ்டரைப் போகச் சொன்னேன். அவர் போய் என் கடிதத்தைக் கொடுத்தார். அம்மா பதில் எழுதியிருக்கிறார். எப்போது கூப்பிட்டாலும் கையெழுத்துப் போட வருவதாகச் சொல்கிறார்.

என்னை ஒரு தடவையாவது பார்க்க நினைத்ததுண்டா என்று கேட்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலுக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

அவள் திரும்பியே பார்க்கவில்லை என்று நீ சொன்னாய். எத்தனையோ தடவை சொன்னாய். அவர் வந்தாரா, பாட்டி? தேதி தள்ளிப் போனால் போகட்டும். எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

ஜூன் 11

பாட்டிக்கு,

நீ பதில் எழுதவில்லை. கடிதம் வழியில் தொலைந்ததோ என்று மாஸ்டரைக் கேட்டேன். உன் கையிலேயே வந்து சேர்ந்தது, மூன்று தடவை படித்தாய் என்றார். தைக்கக் கொடுத்த சட்டைகளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாயாமே. சாப்பிடுகிறாயா?

ஆகஸ்ட் தேதி நடக்காமல் போகலாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். காத்திருக்கிறேன் என்றான். அவன் அம்மா எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினார். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 17

அத்தைக்கு வணக்கம்.

உடம்பு சௌகரியம்தானா? நான் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நாள் குறைவாக இருப்பதால் எழுதுகிறேன்.

அவளுக்கு எழுதிய பதிலில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தவறாக எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்தேன் என்பதை, அவள் கேட்டதால் சொன்னேன். கடைசித் தடவை உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் சொன்னதை எழுதவில்லை. இனியும் எழுத மாட்டேன். அது நம் இரண்டு பேரோடு போகட்டும். வளர்த்தவர்மேல் அவளுக்கு வெறுப்பு வர வேண்டாம்.

திங்கட்கிழமை நோட்டரி காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. நீங்கள் எங்கே நிற்கச் சொல்கிறீர்களோ அங்கே நிற்கிறேன். உங்களிடம் பேச மாட்டேன். கையெழுத்துப் போட்டதும் போய்விடுவேன். அவளுடைய கல்யாணம் நம்மால் நிற்கக் கூடாது, அத்தை.

ஜூன் 24

என் வாயாடிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோர்க்க மனசு வராமல் சட்டைகளைத் திருப்பிவிட்டேன். இப்போது கோர்க்கிறேன். நீ உன் கழுத்தைப் பார்த்துக்கொள்.

கேட்டதற்குப் பதில்: ஆமாம், வந்தாள்.

பதினொரு தடவை. வருடத்துக்கு ஒன்று, நீ பிறந்த தேதிக்கு மறுநாள். பிறந்தநாள் அன்றே வந்தால் நான் சண்டை போட்டு உன் நாளைக் கெடுப்பேன் என்று மறுநாள் வருவாள். அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இதை எல்லாம் அவள்மேல் கோபப்படுவதற்காக ஞாபகம் வைத்திருந்தேன். இனி எனக்கு எதற்கு, நீ வைத்துக்கொள்.

முதல் தடவை பள்ளிக்கூட வாசலில், ஊதாப் புடவை. உனக்கு ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு கொண்டுவந்தாள். அளவு சரியாக இருந்தது. பார்க்காமலே எப்படி அளவு தெரிந்தது என்று எனக்கு அன்று முழுவதும் வயிறு எரிந்தது. அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது தடவை நல்ல மழை. குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள், குடை பிடித்தால் நீ வரும்போது முகம் மறைக்கும் என்று. நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டித்தான் போனாய். "அந்த அக்கா ஏன் பாட்டி நனையறாங்க?" என்று கேட்டாய். பைத்தியம் என்றேன். ஆறாவது தடவை அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. "எவ்வளவு உயரம் வளர்ந்திருக்காள்னு ஒரு நூல்ல அளந்தாவது குடுங்க அத்தை" என்றாள். என்னிடம் நூலுக்கா பஞ்சம்? கொடுக்கவில்லை. எட்டாவது தடவை நீ ஓடிப்போய் வாசலில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாய். உன்னைத் தூக்கிவிட்டது அவள்தான். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. உன் தலையை மோந்து பார்த்தாள்.

பதினோராவது தடவை வீட்டுக்கே வந்தாள். உனக்குப் பதினைந்து வயது. உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன் என்றாள். நான், "அவளுக்கு உன்னைப் பார்க்கப் பிடிக்கலை. அவளே சொல்லச் சொன்னா" என்றேன். உன்னை நான் கேட்கவே இல்லை. அவள் படியில் உட்கார்ந்து, செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை உனக்கு எழுத மாட்டேன் என்று அவள் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். நீ என்னை வெறுத்துவிடக் கூடாதாம். அவள் மூடி மறைத்து நான் உனக்கு நல்லவளாக இருக்க வேண்டுமா? அதைவிட நீ என்னைத் திட்டுவது மேல். அதனால்தான் நானே எழுதுகிறேன். அவள் கடிதத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவளுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும் என்று ஒன்பது மணிக்கே போனேன். அவள் எட்டரைக்கே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு நான் உட்கார்ந்தேன். பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் மாதிரி அவளும் பேசவில்லை.

நோட்டரி சின்ன வயசுக்காரர். பத்திரத்தை உரக்கப் படித்தார். "முதல் நபராகிய நான் மேற்படி பெண்ணைப் பெற்றவள் அல்ல என்றும், அவள் தந்தையைப் பெற்றவள் என்றும்..." படித்துவிட்டு, "சரிதானே பாட்டி?" என்றார். இதோடு இன்னொரு வரி வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. அவள் முன்னால் கேட்கப் பிடிக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது அவள் பேசினாள், என்னிடம் இல்லை, அவரிடம். "மூணு வயசிலேர்ந்து வளர்த்தது இவங்கதான்னு ஒரு வரி சேருங்க சார்."

"அதெல்லாம் அந்த ஆபீஸ்ல கேக்கலைம்மா. கேட்டதை எழுதினாப் போதும்" என்றார் அவர்.

"அந்த வரி இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடி டைப் அடித்தார். உன் அப்பன் காய்ச்சலில் போன பிறகு ஒரு வருடம் அவளும் என்னோடுதான் இருந்தாள், உனக்கு நாலு வயது ஆன பிறகுதான் போனாள். அந்த ஒரு வருடத்தையும் எனக்கே கொடுத்துவிட்டாள். நானும் தப்பு என்று திருத்தவில்லை. பார்த்துக்கொண்டாயா, என்னைப் பற்றி நல்லதைச் சொல்வதிலும் அவளே முந்திக்கொண்டாள். நான் கேட்டிருக்க வேண்டிய வரி. வீட்டுக்கு வந்து அதை நினைத்து நினைத்துத் தூங்கவில்லை.

என் கையெழுத்து கோணல். அவளுடையது அச்சடித்த மாதிரி இருக்கிறது. உன்னுடையதும் அப்படித்தான். இத்தனை நாள் அது பள்ளிக்கூடம் கொடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரம் இதனுடன் இருக்கிறது, பதிவுத் தபாலில். ஜூலை பத்துக்கு முன்னால் கிடைத்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள். கொண்டுபோய்க் கொடு. கதவில் ஒட்டட்டும். என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன், வந்து சொல்வதற்கு எனக்கு முழங்கால் இல்லை, அவ்வளவுதான். என்னை என்ன திட்ட வேண்டுமோ எழுது, முழுவதும் படிப்பேன்.

கல்யாணப் போட்டோ இரண்டு பிரதி அனுப்பு. அவளுடையதை நேராக அந்தப் பச்சை கேட்டு விலாசத்துக்கே அனுப்பிவிடு. என் வழியாக வந்தால் கொடுப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. எனக்கு அனுப்புவது அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். என்னை ஏமாற்றலாம் என்று நினைக்காதே. என்னுடையதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய், பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பேன்.

பாட்டி